மினி டிராக்டருக்கு ஏற்ற பாக்ஸ் பிளேடு எது? உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

திருமங்கலம் கரிசல்காரன்

டிராக்டரின் பின்னால் மாட்டி, மண்ணை வெட்டி இழுத்து மட்டம் செய்யும் இரும்புப் பெட்டிதான் பாக்ஸ் பிளேடு என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் இருப்பது 24 குதிரைத்திறன் கொண்ட, நான்கு சக்கரமும் இழுக்கும் மினி டிராக்டர். மதுரையில் ஒரு பட்டறையில் ஐந்தடிப் பெட்டி ஒன்றை விலை பேசினேன். வாங்கும் முன் எங்கள் தோட்டத்துப் பாதையில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றதால், பட்டறைக்காரரே அதை ஏற்றிக்கொண்டு வந்தார். மாசி முடியும் சமயம். கரிசல் இறுகிக் கிடந்தது. போன வருஷம் கொட்டிய சரளை அதன்மேல் கெட்டித்திருந்தது. பெட்டி மண்ணை வெட்டவே இல்லை. மண்ணைக் கிளறுவதற்காகப் பெட்டியில் மாட்டியிருந்த கொக்கிகள் நான்கும் வெளிறிய கோடுகளை மட்டும் கீறிக்கொண்டு வந்தன.

உடனே அவர் தன்னிடம் வேலை பார்க்கும் பையனைப் பெட்டியின் மேல் ஏறி நிற்கச் சொன்னார். பதினெட்டு வயதிருக்கும். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, டாப் லிங்க் (பெட்டியின் மேல்பக்கத்தை வண்டியோடு இணைக்கும், நீளத்தை மாற்றக்கூடிய தண்டு) மாட்டும் சட்டத்தைப் பிடித்தபடி நின்றான். சிறிது தூரம்கூடப் போகவில்லை, சீமைக்கருவேல வேர் ஒன்றில் கொக்கி மாட்டி வண்டி வெட்டி இழுத்தது. பையன் பெட்டிக்கும் பின் டயருக்கும் நடுவே விழப்போய், மட்கார்டைப் பிடித்துத் தொங்கினான். நான் கிளட்சை மிதித்துத் திரும்பிப் பார்த்தபோது பட்டறைக்காரர் சிரித்துக்கொண்டே, "பாருங்கண்ணே, ஆள் ஏறினதும் எப்படி வெட்டுது" என்றார்.

அந்தப் பெட்டியை நான் வாங்கவில்லை. அதன் எடை 120 கிலோ. ஆள் ஏறி நின்றால்தான் வெட்டும் என்பதையே அதன் சிறப்பாகச் சொல்லி ஒருவர் விற்க முடியும் என்பது இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது. இந்த வண்டிக்கு நான்கடி போதுமா, ஐந்தடி வேண்டுமா, எடை எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை அனுபவப்பட்டவர்கள் எழுதுங்கள்.

உசிலம்பட்டி பட்டறை

நானும் பட்டறைக்காரன்தான். அந்தப் பையனை ஏறச் சொன்னது பெருந்தவறு. அதற்கு மேல் அதில் பேச எதுவும் இல்லை. ஆனால் தொழில் நடத்துகிறவனின் பக்கத்தையும் கேளுங்கள். எங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி எத்தனை அடி என்பது, இரண்டாவது என்ன விலை என்பது. தகடு எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்பவர் அபூர்வம். 10 மி.மீ. தகடு ஒரு சதுர மீட்டருக்கு 78 கிலோவுக்குச் சற்று அதிகமாக நிற்கும். 6 மி.மீ. தகடு 47 கிலோதான். அதே விலைக்குள் அகலத்தைக் கூட்டிக் கேட்டால் தகட்டைத்தான் குறைக்க வேண்டியிருக்கும்.

சென்ற ஆண்டு ஒருவர், பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஐந்தடி வைத்திருக்கிறார் என்பதற்காகவே தமக்கும் ஐந்தடி வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். நான் டேப்பை எடுத்து அவருடைய வண்டியின் பின் டயர்களை, இந்த வெளி ஓரத்திலிருந்து அந்த வெளி ஓரம் வரை அளந்து காட்டினேன். மூன்றரை அடிக்குச் சற்று மேல்தான் இருந்தது. பெட்டி டயருக்கு வெளியே பக்கத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தால் போதும். டயர் தடத்தை அது அழித்துவிடும். அந்தக் கணக்குக்கு நான்கடி வருகிறது. 10 மி.மீ. தகட்டில், தடித்த வெட்டுத் தகடுகளோடு செய்தால் நான்கடிப் பெட்டி 200 கிலோவை எட்டும், அதாவது அடிக்கு 50 கிலோ. நீங்கள் பார்த்த பெட்டிக்கு அடிக்கு 24 கிலோதான் வருகிறது. அது வெட்டாமல் போனதில் வியப்பில்லை. என்னிடம் வந்தவர் கடைசி வரை ஒப்புக்கொள்ளாமல் வேறு பட்டறைக்குப் போய்விட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சோழவந்தான் தோப்புக்காரர்

அகலமும் எடையும் இருக்கட்டும், பெட்டியை வண்டியோடு மாட்டும் பின்னை (pin) பாருங்கள். 45 குதிரைத்திறன் வண்டி வைத்திருந்த என் மைத்துனர் தம்முடைய ஆறடிப் பெட்டியைச் சும்மாவே கொடுத்தார். அதன் கீழ்ப் பின் 28 மி.மீ., என் மினி வண்டியின் கீழ் லிங்க்கில், அதாவது பெட்டியைத் தூக்கும் கைகளில், உள்ள துளை 22 மி.மீ. லேத்தில் கொடுத்துப் பின்னைக் கடைந்து மெலிதாக்கித் தந்தார்கள். தோப்புக்குள் இரண்டு நாள் நன்றாகத்தான் ஓடியது. மூன்றாம் நாள் பெரியாறு கால்வாய்க் கரையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது, கடைந்த இடத்திலேயே பின் முறிந்தது. பெட்டியின் ஒரு மூலை மண்ணில் குத்தி நிற்க, மறுமுனை டயரைத் தேய்த்துக்கொண்டு திரும்பிய சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. வண்டி கால்வாய்ப் பக்கம் சாயாதது என் நல்ல காலம். சின்ன வண்டிக்கென்று செய்த பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள். இனாமாக வந்தாலும் பெரிய வண்டியின் பெட்டி வேண்டாம்.

மேலூர் செம்மண்

மேலே எல்லோரும் எடை, எடை என்றே எழுதியிருக்கிறீர்கள். டாப் லிங்க்கைப் பற்றி ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. எங்கள் கிராமத்துக்கு வாடகை வண்டி ஓட்டி வந்த ஒரு பெரியவர், நான் வெட்டவில்லை என்று ஓரங்கட்டி வைத்திருந்த பெட்டியைச் சற்று நேரம் பார்த்தார். டாப் லிங்க்கை மூன்று சுற்றுச் சுற்றிக் குறுக்கினார். பிறகு ஓட்டியபோது செம்மண் பாளம் பாளமாகப் பெயர்ந்து பெட்டிக்குள் சுருண்டது. என் அனுபவம் இவ்வளவுதான். ஆனால் கேள்வி கேட்டவருக்குப் பயன்படும் என்பதால் மற்றவற்றையும் எழுதிவிடுகிறேன்.

டாப் லிங்க்கைக் குறுக்கினால் பெட்டி முன்பக்கம் சாயும். கொக்கிகளும் முன் வெட்டுத் தகடும் மண்ணைக் கடிக்கும். நீட்டினால் பின்பக்கம் சாயும். முன் தகடு மேலே எழும்பி, பின் தகடு மண்ணை மெழுகிக்கொண்டு வரும். ஆகவே, முதலில் குறுக்கி வைத்து இளக்க வேண்டும், பிறகு நடுவாக வைத்து மேட்டு மண்ணைப் பள்ளத்துக்கு இழுக்க வேண்டும், கடைசியில் நீட்டி வைத்துச் சமன் செய்ய வேண்டும். கொக்கிகளை எப்போதும் இறக்கியே வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மண் இளகிய பிறகும் அவை கீழே இருந்தால், போட்ட மட்டத்தை அவையே கிழித்துவிடும். ஒவ்வொரு கொக்கியிலும் உயரத்தை மாற்ற இரண்டு மூன்று துளைகளாவது இருக்கின்றனவா என்று வாங்கும்போதே பாருங்கள். ஒரே துளை போட்ட பெட்டியை வாங்கவே வேண்டாம். வலப்பக்கக் கீழ் லிங்க்கைத் தூக்கும் கம்பியில் உள்ள திருகைச் சுற்றினால் பெட்டி ஒருபக்கம் சாயும். பாதையின் ஓரத்தில் மழைநீர் வடிய வாய்க்கால் இழுப்பதற்கும், பாதையின் நடுவை மேடாக்குவதற்கும் அது உதவும். லிப்ட் லீவரை ஒரேயடியாகக் கீழே தள்ளிவிட்டு ஓட்டாமல், விரலளவு ஏற்றி இறக்கிப் பழகுங்கள். இவ்வளவும் தெரிந்தவருக்கு 120 கிலோ பெட்டியும் வேலை செய்யும்.

திருமங்கலம் கரிசல்காரன்

மேலூர் நண்பருக்கு நன்றி. ஆனால் அன்றைக்கு டாப் லிங்க்கைக் குறுக்காமல் ஓட்டினோம் என்று நீங்களாகவே முடிவு செய்துவிட்டீர்கள். மரை தீரும் மட்டும் குறுக்கித்தான் ஓட்டினோம். உங்கள் செம்மண் மழை பெய்த மறுநாளே கொக்கிக்கு இளகும். கரிசல் அப்படியில்லை: ஈரமாக இருந்தால் தகட்டில் அப்பிக்கொள்ளும், காய்ந்தால் கல்லாகிவிடும், இடையில் சில நாள்கள் மட்டுமே பதம். பதம் தவறிய நாளில் சாய்மானம் கொக்கியைக் கீழ்நோக்கித் திருப்பிவிடலாம். உள்ளே இறங்குவதற்கு எடைதான் வேண்டும். உசிலம்பட்டிக்காரரின் கணக்கே எனக்குச் சரியாகப் படுகிறது.

பேரையூர் கண்மாய்க்கரை

இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது, ஆனால் என்ன வேலைக்கு என்பதை யாரும் கேட்கவில்லை. நெல் வயலைத் துல்லியமாக மட்டம் செய்வதற்கென்றால் பாக்ஸ் பிளேடே வேண்டாம், லேசர் கதிரை வைத்து மட்டம் பார்த்து நிலத்தைச் சமன் செய்யும் லேசர் லெவலரை வாடகைக்கு வைத்துக்கொள்ளலாம். பாதை, களம், மாட்டுத் தொழுவத்து முற்றம், குவித்த மண்ணைப் பரப்புவது ஆகியவற்றுக்குத்தான் இந்தப் பெட்டி.

நான் பரப்பியது கண்மாயில் அனுமதி பெற்று எடுத்து வந்த வண்டல் மண்ணை. டிப்பர் கொட்டிய குவியல்கள் இடுப்பளவு இருந்தன. என் பெட்டியின் முதுகுத் தகடு ஒரு அடி உயரம்தான். குவியலுக்குள் பெட்டியை இழுத்தபோது மண் முதுகைத் தாண்டிப் பின்னால் வழிந்தது; நத்தைக் கூடுகள் தகட்டுக்கும் மண்ணுக்கும் இடையே நொறுங்கும் ஓசை இன்ஜின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. மண்ணை முன்னே கொண்டுபோவதற்கு மாறாக, நான் அதன்மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். பிறகு வண்டியைத் திருப்பி, பின்னோக்கி ஓட்டி, பின் தகட்டால் குவியலின் தலையைத் தள்ளிச் சரித்த பின்னர்தான் இழுக்க முடிந்தது. பின் தகடு இல்லாத, வெறும் முன் தகடு மட்டும் வைத்த பெட்டியாக இருந்திருந்தால் மண்வெட்டியைத்தான் எடுத்திருக்க வேண்டும்.

இரண்டாவது முறை உசிலம்பட்டிப் பக்கம் செய்து வாங்கிய நான்கடிப் பெட்டியில் முதுகு ஒன்றரை அடி, பக்கத் தகடு ஆழமும் அதே அளவு. அதில் கால் கன மீட்டருக்கு மேல் மண் நிற்கும். வண்டல் என்றால் 350 கிலோவுக்குக் குறையாது. பெட்டியின் எடையையும் சேர்த்தால் அரை டன்னுக்கு மேல். பெட்டிக்கு அடித்தகடு கிடையாது, தூக்கினால் மண் கீழே கொட்டிவிடும். ஆகையால் மண்ணை இழுத்தே கொண்டுபோங்கள், திரும்பும் முன் கொட்டிவிடுங்கள். திருமங்கலத்துக்காரருக்கு நான் சொல்வது நான்கடி, 10 மி.மீ. தகடு, ஒன்றரை அடி முதுகு, முன்னும் பின்னும் போல்ட் போட்டு மாட்டிய வெட்டுத் தகடு. வெல்டிங் வைத்த தகடு வேண்டாம். போல்ட் போட்டதென்றால் ஒரு விளிம்பு தேய்ந்ததும் கழற்றித் தலைகீழாக மாட்டிக்கொள்ளலாம்.