புதுப்பிப்பு: மைன்கிராப்ட் தீவின் பரப்பளவு, திருத்திய கணக்கு

முந்தைய இழையில், மைன்கிராப்ட் விளையாட்டில் ஒரு தீவின் பரப்பளவைக் காண, 4ஆம் நிலை (அதிகப் பரப்பைக் காட்டும்) வரைபடத்தில் நிலப் புள்ளிகளை எண்ணி 16ஆல் பெருக்கச் சொல்லியிருந்தேன். அது தவறு. 128×128 புள்ளிகள் 2048×2048 கட்டைகளைக் (பிளாக்; ஒன்றின் பக்கம் 1 மீட்டர்) காட்டுகின்றன. ஒரு புள்ளி இரு பக்கமும் 16 கட்டை, ஆகவே 256 சதுர மீட்டர். 4,900 நிலப் புள்ளிகள் என்றால் 12,54,400 ச.மீ., சுமார் 1.25 ச.கி.மீ. பழைய விடைகளை இன்னொரு 16ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

ஸ்கிரீன்ஷாட்டில் எண்ணுவதையும் விட்டுவிடலாம். சட்டத்தில் மாட்டிய படம் சற்றுச் சாய்ந்தாலே எண்ணிக்கை கெடும். விளையாட்டின் ஜாவா பதிப்பில் (கணினிப் பதிப்பு) வரைபடக் கோப்பை என்பிடி எடிட்டரில் (மைன்கிராப்ட் தரவுக் கோப்புகளைத் திறக்கும் மென்பொருள்) திறந்தால் 'கலர்ஸ்' என்று 16,384 பைட்டுகள் இருக்கும்; புள்ளிக்கு ஒன்று, அதன் நிற எண். 0–3 இன்னும் நடந்து பார்க்காத இடம், 48–51 தண்ணீர், மீதி பெரும்பாலும் நிலம். தண்ணீர் ஆழத்துக்கேற்ப மூன்று சாயல்களில் வரும்; ஒன்றை மட்டும் கழித்தால் ஆழ்கடலும் நிலமாகிவிடும்!

உறைந்த கடல்தான் பெரிய தலைவலி. பனிக்கட்டிக்கு 20–23, அதை நிலமாக எண்ணாதீர்கள். ஆனால் 32–35 நிலத்தின் மேல் விழுந்த பனியாகவும் இருக்கலாம், பனிப்பாறையின் உச்சியாகவும் இருக்கலாம். அங்கே நேரில் போய்ப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

சின்னத் தீவுக்கு 4ஆம் நிலை வேண்டாம். 256 கட்டைகளில் அதிகம் உள்ள நிறமே புள்ளிக்குக் கிடைப்பதால் ஒடுங்கிய நிலத்துண்டுகள் மறைந்துபோகும். 0ஆம் நிலைப் படங்களை அருகருகே எடுத்து, புள்ளிக்கு 1 ச.மீ. என்று கூட்டுங்கள். கரையோர மரக்கிளைகள் தண்ணீரை மறைத்துக் கொஞ்சம் கூட்டிக் காட்டும்.