பெடல் டியூனருக்குத் தமிழில் என்ன சொல்லலாம்? (கையேடு சனிக்கிழமை அச்சுக்குப் போகிறது)

கிருஷ்ணகிரி, கிதார் ஆசிரியர்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்காக நான்கு பக்கத்தில் ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். துல்லியமான பெடல் டியூனரை, அதாவது காலால் மிதித்து இயக்கிச் சுருதி பார்க்கும் கருவியை, எப்படிப் பார்த்து வாங்குவது என்பதுதான் விஷயம். பாதிப் பேர் தேவாலயப் பாடற்குழுவிலும் திருவிழா மேடையிலும் வாசிக்கிறவர்கள். மேடை இரைச்சலில் காதை வைத்துச் சுருதி சேர்க்க முடியாது. கிதாரின் வயரை இதில் சொருகி ஒரு மிதி மிதித்தால் ஸ்பீக்கருக்குப் போகும் சத்தம் நின்றுவிடும். விளக்கைப் பார்த்துக்கொண்டே ஆணியைத் திருகலாம். மறுபடி மிதித்தால் வாசிக்கத் தயார்.

முழுக்கத் தமிழில் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன், தலைப்பிலேயே நின்றுவிட்டேன். பெடல் டியூனருக்கு ஒரு சொல் வேண்டும். சுர இடைவெளியை அளக்கும் அலகான சென்ட், அணைத்த பெடலைத் தாண்டி ஒலி நேராகப் போகும் வழியான ட்ரூ பைபாஸ் இரண்டுக்கும் கிடைத்தால் நல்லது. வெள்ளிக்கிழமை இரவுக்குள் சொல்லிவிடுங்கள்.

தருமபுரி, பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர்:

தம்பி, புதிதாக ஒன்றும் ஆக்க வேண்டாம், சொல் இருக்கிறது. யாழ் மீட்டும் எட்டு வகைக் கரணங்களைச் சிலம்பின் கானல்வரி சொல்கிறது. அதில் முதலாவது 'பண்ணல்'. பாட நினைத்த பண்ணுக்கு ஏற்ப இணை, கிளை, பகை, நட்பு நரம்புகளை அறிந்து வீக்குவது என்பது அதன் விளக்கம். டியூனிங் என்பதும் அதுவேதான். அதைச் செய்யும் கருவி 'பண்ணி'. காலால் மிதிப்பதால் 'மிதிபண்ணி'. நரம்பை முறுக்கும் ஆணிக்கும் 'மாடகம்' என்ற பழஞ்சொல் உண்டு, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நம் தகடூர் (இன்றைய தருமபுரி) மண்ணிலிருந்தே இன்னொரு சான்று. அதியமானைப் பாடும் ஔவை, குழந்தையின் மழலையை 'யாழொடும் கொள்ளா' என்கிறார். யாழின் இசையோடு பொருந்தாது என்று பொருள். அப்படியானால் 'கொள்ளுதல்' என்ற வினைக்கே சுருதி சேர்தல் என்ற பொருள் இருக்கிறது. சுருதி சேர்ந்த நரம்பு கொண்ட நரம்பு, சேராதது கொள்ளா நரம்பு. இதிலிருந்து 'கொளுவி' என்று ஆக்கலாம். கொளுத்துதல், கொளு, கொளுவுதல் எல்லாம் ஒரே வேர்தான். கொக்கியைக் 'கொளுவி' என்று சொல்வதும்கூட...

ஓசூர், மின்னணுப் பொறியாளர்:

ஐயா, மன்னிக்க வேண்டும். 'பண்ணி' என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் அடங்கமாட்டார்கள். அதைவிடப் பெரிய சிக்கல், இந்தக் கருவி எதையும் பண்ணுவதே இல்லை. நரம்பை முறுக்குவது நம் கை. நரம்பு எந்த அதிர்வெண்ணில் அதிர்கிறது, குறித்த சுரத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளந்து காட்டுவதோடு கருவியின் வேலை முடிந்தது. ஆகவே வெப்பமானி மாதிரி 'சுருதிமானி', அல்லது திசைகாட்டி மாதிரி 'சுருதிகாட்டி'.

கையேட்டில் 'துல்லியம்' என்ற சொல்லைப் பார்த்துப் பயன்படுத்துங்கள். பெட்டியின் மேல் போட்டிருக்கும் எண்தான் துல்லியம். பாஸ் நிறுவனத்தின் டியூ-3 பெடல் கூட்டல் கழித்தல் 1 சென்ட், பீட்டர்சன் ஸ்ட்ரோபோஸ்டாம்ப் 0.1 சென்ட், டீசி எலக்ட்ரானிக்கின் பாலிட்யூன் 3 ஸ்ட்ரோப் முறையில் (விலகலை ஓடும் விளக்குகளாகக் காட்டும் முறை) 0.02 சென்ட். விளக்கு எத்தனை படி நகர்கிறது என்பது வேறு கணக்கு, அதை 'நுண்படி' என்று பிரித்து எழுதலாம். கிதாரின் தடித்த நரம்பு 82.41 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டும். அந்த இடத்தில் 1 சென்ட் என்பது ஒரு ஹெர்ட்ஸில் இருபதில் ஒரு பங்குகூட வராது. அழுத்தி மீட்டினாலே நரம்பு முதலில் ஏறிக் காட்டிவிட்டு அப்புறம்தான் இறங்கி நிலைக்கும். 1 சென்ட் பெடல் பெரும்பாலோருக்குப் போதும். பதிவுக்கூடத்துக்குப் போகிறவர்கள் 0.1 வாங்கட்டும். ஐந்து நரம்பு பேஸ் கிதார் வைத்திருப்பவர்கள் எண்ணை விடுத்து, 30.87 ஹெர்ட்ஸ் கீழ் நரம்பைக் கருவி தடுமாறாமல் பிடிக்கிறதா என்று கடையிலேயே சொருகிப் பார்க்க வேண்டும்.

காவேரிப்பட்டினம், மைக்செட் நடத்துபவர்:

பெடல் டியூனர் என்றே போடுங்கள் சார். கடையில் போய் 'மிதிபண்ணி கொடுங்க' என்றால் என்ன எடுத்துத் தருவார்கள்? எங்கள் பக்கம் கடைக்காரர் தெலுங்கில் பேசுவார், அடுத்த கடையில் கன்னடம். மூன்று பேருக்கும் புரிகிற ஒரே சொல் 'டியூனர்'.

சென்ட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இங்கே சென்ட் என்றால் நிலம்தான். நூறு சென்ட் ஒரு ஏக்கர் என்று எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். நூறு சென்ட் ஒரு அரைச்சுரம் என்று ஒரு வரி எழுதினால் போதும், இரண்டுமே நூறில் ஒரு பங்குதான். அதற்கும் ஒரு புதுச்சொல் வேண்டாமே.

முக்கியமானதை ஒருவரும் சொல்லவில்லை. பகல் வெயிலில் விளக்கு தெரிகிறதா என்று பாருங்கள். தேர்த் திருவிழாவில் வெட்டவெளி மேடை. கூசும் வெயிலில் குனிந்து பார்த்தால் எல்லா விளக்கும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

பாலக்கோடு, வீணை ஆசிரியை:

காட்டியா மானியா என்பது இருக்கட்டும். 'சுருதி' என்ற சொல்லையே இதற்கு வைக்கக் கூடாது என்பது என் கருத்து.

காரணம் சொல்கிறேன். தம்புராவில் ஷட்ஜத்துக்குப் (ச) பஞ்சமம் (ப) சுத்தமாகச் சேரும்போது இடைவெளி 702 சென்ட். இந்தப் பெட்டி எண்சுரத்தைப் பன்னிரண்டு சமப் பங்காக வெட்டியிருப்பதால் 700-இல் பச்சை விளக்கைப் போட்டுவிடும். அந்த 2 சென்ட்டைப் பலர் விட்டுவிடலாம். ஆனால் தம்புராவில் தானாக எழும் அந்தர காந்தாரம் (க) ஏறத்தாழ 386 சென்ட், பெட்டி சொல்வது 400. பதினான்கு சென்ட் வித்தியாசம் பழகிய காதுக்குக் கேட்கும். வீணைக்கு மேளம் கட்டுகிறவர், அதாவது விரல் வைக்கும் மெட்டுகளைப் பொருத்துகிறவர், மெழுகில் ஒவ்வொரு மெட்டாகக் காதால் கேட்டுத்தான் பதிக்கிறார். கிதாரின் மெட்டுகள் சமப் பங்குக் கணக்கில் அடித்தவை, அதனால் அதற்கு இந்தப் பெட்டி சரி. அது காட்டுவது சுர அளவு. ஆகவே 'சுரமானி' என்று வையுங்கள். சுருதி என்று பெயர் வைத்துவிட்டால் வீணை, வயலின் பிள்ளைகள் பச்சை விளக்கையே சுருதி என்று நம்பிவிடுவார்கள்.

அவர்களுக்காக இன்னொரு வரியும் வேண்டும். கருவியில் ஆங்கில எழுத்துதான் வரும். ஒரு கட்டை என்றால் சி, இரண்டு டி, ஐந்து ஜி, ஐந்தரை ஜி ஷார்ப். எல்லாச் சுரத்தையும் காட்டும் குரோமாட்டிக் வகையாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். ஆறு கிதார் நரம்புகளை மட்டும் அறிந்த வகை ஐந்தரைக் கட்டைக்கு உதவாது. பிக்கப் (நரம்பின் அதிர்வை மின்குறிப்பாக்கும் கருவி) பொருத்தாத வயலினுக்குப் பெடல் வேண்டவே வேண்டாம், கவ்விக்கொள்ளும் டியூனர் போதும்.

பென்னாகரம், கூத்தில் ஆர்மோனியம் வாசிப்பவர்:

அம்மா சொல்வது நியாயம். ஆனாலும் எங்கள் கூத்தில் ஆர்மோனியம் எங்கே நிற்கிறதோ அதுதான் சுருதி. முகவீணை என்ற சிறு ஊதுகருவியை வாசிப்பவர் சீவாளியைச் சரிசெய்து எங்களோடு வந்து சேர்ந்துகொள்வார். ஆர்மோனியத்திலும் இந்தச் சமப் பங்குக் கணக்குதான், அதற்காக அதைச் சுருதி இல்லை என்று யாரும் தள்ளிவைக்கவில்லை. காலால் மிதித்து வாசிக்கும் ஆர்மோனியம் வந்த நாளிலிருந்து 'மிதி' எங்கள் சொல், அதை விடாதீர்கள்.

ஓசூர், மின்னணுப் பொறியாளர்:

அம்மா, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் 'சுரமானி' என்றால் காய்ச்சல் பார்க்கும் கருவி என்று எடுத்துக்கொள்வார்கள். சுரம் என்றால் ஊரில் காய்ச்சலும்தானே. அப்புறம், சுருதிப்பெட்டி ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதையும் பாருங்கள். பெட்டி சுருதியை ஒலிக்கும், காட்டி சுருதியைக் காட்டும். இரண்டும் பக்கத்தில் நின்றால் பிள்ளைகளுக்கு வேறுபாடு தானாகப் புரியும். ட்ரூ பைபாஸுக்கு 'நேர்ப் புறவழி' என்று வைக்கலாம். அணைத்து வைத்திருக்கும்போது கருவியின் மின்சுற்றைத் தொடாமல் ஒலிக்குறிப்பு நேராக வெளியே போய்விடும். நீண்ட வயரும் நிறையப் பெடலும் வைத்திருப்பவர்களுக்கு பஃபர் (ஒலிக்குறிப்பு வலுவிழக்காமல் காக்கும் சுற்று) உள்ளதே நல்லது, இல்லாவிட்டால் கூர்மையான ஓசைகள் மங்கும். இதைக் கையேட்டில் மறக்காமல் எழுதுங்கள். நேர்ப் புறவழிதான் எப்போதும் உசத்தி என்று கடையில் அடித்துச் சொல்வார்கள்.

தருமபுரி, பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர்:

பண்ணியைக் கைவிட்டீர்கள், சரி. சுருதியே வடசொல், அதையும் பொறுத்துக்கொள்கிறேன். 'மிதி சுருதிகாட்டி' என்று எழுதுவதா, 'மிதிச் சுருதிகாட்டி' என்று எழுதுவதா? மிதியைப் பெயராகக் கொண்டு, மிதியால் இயங்கும் காட்டி என்று விரித்தால் உருபும் பயனும் உடன்தொக்க தொகை, வல்லினம் மிகும். வினையாகக் கொண்டால் மிதிவண்டி போல வினைத்தொகை, மிகாது. நான் வினைத்தொகை என்கிறேன். மிதித்த, மிதிக்கிற, மிதிக்கும் என்று மூன்று காலமும் அதில் அடங்கும்.

காவேரிப்பட்டினம், மைக்செட் நடத்துபவர்:

சார், வெள்ளிக்கிழமை ஆயிடுச்சு.

கிருஷ்ணகிரி, கிதார் ஆசிரியர்:

எல்லாருக்கும் நன்றி. தலைப்பில் 'மிதி சுருதிகாட்டி' என்று ஒற்று இல்லாமல் போடுகிறேன். முதல் பத்தியில் மட்டும் 'கடையில் பெடல் டியூனர் என்று கேளுங்கள்' என்று ஒரு வரி வரும். சென்ட் அப்படியே இருக்கும், ஏக்கர் விளக்கத்தோடு. நேர்ப் புறவழி, நுண்படி இரண்டையும் எடுத்துக்கொண்டேன். வெயில் சோதனை இரண்டாம் பக்கத்தில் தனிக் கட்டத்தில் வருகிறது. வீணை, வயலின் பிள்ளைகளுக்கு அம்மா சொன்ன 702, 386 கணக்கைக் கடைசிப் பக்கத்தில் முழுதாகப் போடுகிறேன். 'சுரமானி'க்கு அம்மா ஒருவர்தான் ஆதரவு, அதனால் இந்த முறை விட்டுவிட்டேன்.

பாலக்கோடு, வீணை ஆசிரியை:

கணக்கைப் போட்டதற்கு நன்றி தம்பி. பெயரை மட்டும் நான் ஏற்கவில்லை. என் வகுப்பில் அதைச் சுரமானி என்றே சொல்வேன். அடுத்த பதிப்பு வரும்போது மறுபடி கேட்கிறேன்.