ஒட்டானியின் ரூக்கி கார்ட்: எதை வாங்குவது, மட்டக்களப்புக்கு வரவழைக்கலாமா?

கல்லடி மாமா:

அனைவருக்கும் வணக்கம். ரொறன்ரோவில் வளரும் என் அக்காவின் மகன், ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தம் பார்க்க ஊருக்கு வருகிறான். அவனுக்குக் கிரிக்கெட்டை விட பேஸ்போலில்தான் மோகம் என்பதால், அவ்விளையாட்டின் நட்சத்திரமான சோஹெய் ஒட்டானியின் ரூக்கி கார்ட் (வீரர் ஒருவரின் அறிமுக ஆண்டில் வெளியாகும், அவர் படம் போட்ட சேகரிப்பு அட்டை) ஒன்றை வாங்கிக் கையில் கொடுக்க விரும்புகிறேன். ஈபேயில் தேடிப் பார்த்தால் ‘ஒட்டானி ரூக்கி’ என்ற ஒரே தலைப்பில் இரண்டு டொலருக்கும் கிடைக்கிறது, பல நூறு டொலருக்கும் கிடைக்கிறது. எது உண்மையான ரூக்கி கார்ட் என்பதையும், அதைக் கல்லடி முகவரிக்கு வரவழைப்பது புத்திசாலித்தனமா என்பதையும் அறிந்தவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

கல்முனைச் சேகரிப்பாளர்:

விற்பவர் எழுதும் தலைப்பை நம்பவே வேண்டாம். ஆண்டு, தொகுதி, கார்ட் இலக்கம் ஆகிய மூன்றையும் மட்டும் பாருங்கள். ஒட்டானி ஜப்பானில் விளையாடிய காலத்திலேயே 2013இல் அங்கு அவருக்குக் கார்ட் வெளிவந்துவிட்டது. ஆயினும் அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் ரூக்கி என்று கொள்வது, அவர் அமெரிக்காவின் ‘லொஸ் ஏஞ்சல்ஸ் ஏஞ்சல்ஸ்’ அணியில் சேர்ந்த 2018ஆம் ஆண்டுக் கார்ட்களையே. இவற்றுள், கார்ட்களை வெளியிடும் டொப்ஸ் நிறுவனத்தின் இரண்டாம் தொடரில் 700ஆம் இலக்கம், அப்டேட் தொகுதியில் யூ.எஸ்.1, குரோம் தொகுதியில் 150 ஆகியவை பலரும் தேடுபவை. 2006ஆம் ஆண்டு முதல் இத்தகைய கார்ட்களின் முகப்பில் ஆர்.சி. (RC, ரூக்கி கார்ட்) என்ற சிறு இலச்சினை அச்சிடப்படுகிறது. பெரிதாக்கிய படத்தில் அதைத் தேடுங்கள்.

இன்னும் எளிய அடையாளம் ஒன்றுண்டு. அவர் டொட்ஜர்ஸ் அணிக்கு வந்தது 2024 பருவத்திலிருந்துதான். ஆகவே நீல நிற டொட்ஜர்ஸ் சீருடையுடன் இருக்கும் கார்ட், 2018ஆம் ஆண்டின் வடிவமைப்பை அப்படியே கொண்டிருந்தாலும், ரூக்கி கார்ட் ஆகாது. நீங்கள் கண்ட இரண்டு டொலர்ச் சரக்கில் பெரும்பகுதி மறுபதிப்பாகவோ, யாரோ வீட்டில் அச்சடித்ததாகவோ இருக்கும். விவரத்தின் அடியில் ‘ரீப்பிரிண்ட்’, ‘கஸ்டம்’ என்ற சொற்கள் பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும். கார்ட்டின் பின்புறத்துப் படத்தையும் கேட்டு வாங்கி, கீழேயுள்ள பதிப்புரிமை ஆண்டைச் சரிபாருங்கள். பின்புறத்தைக் காட்டத் தயங்குபவரிடம் நான் ஒரு சதமும் கொடுக்கமாட்டேன்.

விலையை அறிய, கேட்கப்படும் விலையை விட்டுவிட்டு, ‘விற்கப்பட்டவை’ என்ற வடிகட்டியைப் போட்டு உண்மையில் கைமாறிய விலைகளைப் பாருங்கள்.

அக்கரைப்பற்று வாசகி:

தரப்படுத்தப்பட்ட கார்ட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. பீ.எஸ்.ஏ. போன்ற நிறுவனங்கள் கார்ட்டின் மூலைகள், விளிம்புகள், மேற்பரப்பு, படம் நடுவில் அமைந்துள்ள விதம் ஆகியவற்றைப் பரிசோதித்து, 1 முதல் 10 வரை தரமிட்டு, கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் மூடிக் கொடுக்கின்றன. உறையிலுள்ள சான்றிலக்கத்தை அந்நிறுவனத்தின் தளத்தில் இட்டுப் பார்க்கலாம். ஆனால் உண்மையான இலக்கத்தைப் போலி உறையில் பொறிப்பவர்களும் இருப்பதால், தளத்தில் படம் இருந்தால் கார்ட்டுடன் ஒப்பிட்டே பணம் செலுத்த வேண்டும். சிறுவனுக்கான பரிசு என்றால் 10 தரத்துக்காக அள்ளிக் கொடுப்பது வீண் என்பது என் எண்ணம். தரமிடப்படாத, மூலை மழுங்காத இரண்டாம் தொடர்க் கார்ட் ஒன்றே அவனைத் துள்ள வைக்கும்.

ஊருக்கு வரவழைப்பதை நான் ஆதரிக்கவில்லை. தபாற்செலவும் சுங்கத் தீர்வையும் சேர்ந்தால், மலிவான கார்ட்டின் விலையையே அவை மிஞ்சிவிடக்கூடும். தீர்வையைக் குறைக்க ‘அன்பளிப்பு’ என்று எழுதி அனுப்பச் சொல்வதும் தவறு. பொதி தொலைந்தால் குறைத்து எழுதிய பெறுமதிக்கு மேல் இழப்பீடு கேட்க முடியாது.

கல்லடி மாமா:

இருவருக்கும் மிக்க நன்றி. அப்படியானால் ரொறன்ரோவிலுள்ள அக்காவின் முகவரிக்கு அனுப்பச் செய்து, மகனுக்குத் தெரியாமல் அவர் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவதே நல்லதென்று தோன்றுகிறது. குரோம் கார்ட்டின் பளபளப்பு மனதை இழுக்கிறது, அதை வாங்கலாமா?

கல்முனைச் சேகரிப்பாளர்:

தாராளமாக வாங்கலாம், ஆனால் குரோம் கார்ட் ஈரக்காற்றில் வில்லாக வளையும் இயல்புடையது. வாவிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள கல்லடியில் சில வாரங்கள் திறந்து கிடந்தாலே போதும். மெல்லிய பிளாஸ்டிக் உறையில் இட்டு, அதை டொப்லோடர் எனப்படும் கெட்டி உறைக்குள் நுழைத்து, ஈரமுறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றுடன் ஸிப் வைத்த பிளாஸ்டிக் பையில் மூடிக் கொண்டுவருமாறு அக்காவிடம் சொல்லுங்கள். அவர் பொதியைப் பிரிக்கும்போதே இரு பக்கங்களையும் படமெடுத்து உங்களுக்கு அனுப்பட்டும். கார்ட் விவரித்தபடி இல்லையென்றால், பணத்தைத் திரும்பக் கேட்கும் காலக்கெடு பொதி கிடைத்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும்.