கர்ரி தீவுப் பயணம்: வண்டி மணலில் புதைகிறது

பிரிஸ்பேனில் இருக்கிறோம். செப்டம்பர் பள்ளி விடுமுறையில் கர்ரி தீவில் (முன்பு ஃபிரேசர் தீவு) நான்கு நாள் கூடாரம் போடுவதாகத் திட்டம். வாகன அனுமதியும் துண்டுபாரா முகாமில் இடமும் வாங்கியாயிற்று. மகளுக்கு ஐந்து வயது. டிங்கோவுக்கு (ஆஸ்திரேலியக் காட்டு நாய்) பயந்து வேலி போட்ட இடமாகப் பார்த்தோம்.

சிக்கல் மணலில்தான். போன வாரம் ஒத்திகைக்குப் போனபோது, படகேறும் இன்ஸ்கிப் முனையின் பொடிமணலில் எங்கள் 2015 பிராடோ (டொயோட்டாவின் நான்கு சக்கர இயக்க வண்டி) இரண்டு முறை அச்சுவரை இறங்கிவிட்டது. (வண்டியைக் குறை சொல்லமாட்டேன், ஓட்டியவன் நான்.) டயர் காற்றை 36 பி.எஸ்.ஐ.யிலிருந்து 20க்கு இறக்கினேன். லோ ரேஞ்ச் (மெதுவாக, அதிக இழுவிசையோடு போகும் கியர்) போட்டேன். மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டியால் தோண்டினார். ஐந்து பேர், கூரையில் கூடாரம், பின்னால் 60 லிட்டர் தண்ணீர். தீவின் கடற்கரையில் இப்படிச் சிக்கினால், அலையேற்றத்தில் கடல் வண்டிவரை ஏறிவிடும்.

இதே பாரத்தோடு போனவர்கள் சொல்லுங்கள்: முதலில் காற்றை 16க்கு இறக்குவதா, சுமையைக் குறைப்பதா?