மாற்கு நற்செய்தி 16:8-லேயே முடிந்துவிடுகிறதா?

கேள்வி:
மாற்கு கடைசி அதிகாரம் வாசித்துக்கொண்டிருந்தேன். 9 முதல் 20 வரை அடைப்புக்குறிக்குள் இருக்கிறது, கீழே ‘மிகப் பழைய பிரதிகளில் இவை இல்லை’ என்று குறிப்பு. உயிர்த்தெழுந்த இயேசு சீஷர்களுக்குக் காட்சி தருவதே அங்கேதானே வருகிறது? மனசு கலங்கிவிட்டது.

பதில் 1:
குறிப்பு சரிதான். 4-ஆம் நூற்றாண்டுப் பிரதிகளான சினாய், வத்திக்கான் இரண்டிலும் 8-ஆம் வசனத்தோடு முடிகிறது. கல்லறைக்குப் போன பெண்கள் பயந்து, யாரிடமும் எதுவும் சொல்லாமல் ஓடுகிறார்கள், அவ்வளவுதான். கிரேக்கத்தில் கடைசிச் சொல் ‘கார்’, அதாவது ‘ஏனென்றால்’. ஒரு புத்தகம் அப்படி முடிவது அபூர்வம் என்பதால் கடைசி ஏடு தொலைந்திருக்கும் என்கிறார்கள் சிலர். எனக்கு என்னவோ, அந்தத் திகிலோடு நம்மை நிறுத்தவே மாற்கு அப்படி எழுதினார் என்றுதான் தோன்றுகிறது.

பதில் 2:
9 முதல் 20 வரையான அந்த நீண்ட முடிவும் பழையதுதான். சுமார் கி.பி. 180-இலேயே ஆதிச் சபைத் தலைவரான இரேனியு 19-ஆம் வசனத்தை மாற்கு எழுதியதாக எடுத்துக்காட்டுகிறார், அந்த இரண்டு பிரதிகளுக்கும் வெகு முன்பு. அப்புறம், உயிர்த்தெழுதல் இந்தப் பன்னிரண்டு வசனங்களை நம்பி நிற்கவில்லை. 6-ஆம் வசனத்திலேயே அந்த அறிவிப்பு இருக்கிறது. 1 கொரிந்தியர் 15-இல் உயிர்த்தெழுந்த இயேசுவைக் கண்டவர்கள் என்று பவுல் தரும் சாட்சிகளின் பட்டியலைப் பாருங்கள், அந்த நிருபம் மாற்குவுக்கும் முந்தையது என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து.

கேட்டவர்:
6-ஆம் வசனத்தைக் கவனிக்காமல் தாண்டிப் போயிருக்கிறேன். கொரிந்தியரை இன்று ராத்திரியே வாசிக்கிறேன், நன்றி.