டிரைவுக்கு ஒரு விளக்கு: பின் 11 கிரவுண்டா, இல்லையா?

செம்புக்கம்பி:
பக்கத்து இழையில் 'பழைய மெக்கானிக்' வழங்கிய தீர்ப்பைப் படித்துவிட்டு எரிச்சலோடுதான் இதைத் தொடங்குகிறேன். ஒரே கேபினெட்டில் ஐந்து ஹார்ட் டிரைவ் வைத்திருக்கும் ஒரு தம்பி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எல்இடி வைக்க முடியுமா என்று பணிவாகக் கேட்டார். "முடியாது. மதர்போர்டில் அதற்கு இரண்டே பின்தான். ஆசையை விடுங்கள்" என்று பதில். ஏன் முடியாது? டிரைவுக்கு மின்சாரம் கொடுக்கும் சாட்டா பவர் கனெக்டரில் 15 பின்கள். டிரைவ் வேலை செய்யும் நேரத்தில் 11ஆவது பின்னை அதுவே உள்ளுக்குள் கிரவுண்டோடு, அதாவது பூஜ்ய வோல்ட் கம்பியோடு, சேர்க்கும். 5 வோல்ட்டிலிருந்து ஒரு எல்இடி, 330 ஓம் மின்தடை, அங்கிருந்து 11ஆவது பின். அவ்வளவுதான் வேலை. சர்வர் பெட்டிகளில் டிரைவுக்கு டிரைவ் மினுக்குகிறதே, அதெல்லாம் மின்மினிப் பூச்சி என்று நினைத்துக்கொண்டிருக்கிறாரா?

பழைய மெக்கானிக்:
பின் 11 கிரவுண்ட். சென்னை ரிட்சி தெருவில் எந்தக் கடையிலும் ஒரு பவர் சப்ளையை வாங்கி, மல்டிமீட்டரை 11இலும் 12இலும் வைத்துப் பாருங்கள். பீப் என்று கத்தும். கிரவுண்டில் எல்இடியை மாட்டினால் கரண்ட் போகும்வரை எரிந்துகொண்டே இருக்கும். சால்டரிங் அயர்னைப் பிடித்தவரெல்லாம் பொறியாளர் ஆகிவிட்டார்கள்.

செம்புக்கம்பி:
ஐயா அளந்தது கேபிளை. நான் பேசுவது டிரைவை. சாதாரணக் கேபிளில் ஒரே கறுப்புக் கம்பி 10, 11, 12 மூன்றையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது, அதனால் கத்துகிறது. அந்த ஒரு பின்னை மட்டும் கனெக்டரிலிருந்து விடுவித்தால் டிரைவின் சமிக்ஞை வெளியே வரும்.

பழைய மெக்கானிக்:
ஆக, கிரவுண்ட் என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். நன்றி.

ரெய்டு ரசிகன்:
இருவரும் பாதிப் பாதி பேசுகிறீர்கள். அந்தப் பின்னுக்கு இரண்டு வேலை. டிரைவுக்கு மின்சாரம் வரும் நேரத்தில் 11 கிரவுண்டில் இருந்தால் டிரைவ் உடனே சுழலத் தொடங்கும். அப்படி இல்லாவிட்டால், தாமதத் தொடக்கம் தெரிந்த டிரைவ்கள் கன்ட்ரோலர் தொடர்புகொள்ளும்வரை காத்திருக்கும். சுழலத் தொடங்கும் கணத்தில் 3.5 அங்குல டிரைவ் ஒன்று 12 வோல்ட்டில் சுமார் 2 ஆம்பியர் இழுக்கும். ஐந்தும் ஒன்றாகத் தொடங்கினால் 10 ஆம்பியர். ஒவ்வொன்றாகத் தொடங்க வைப்பதற்கு இந்த ஏற்பாடு. தொடங்கிய பிறகு அதே பின் விளக்குச் சமிக்ஞை ஆகிவிடுகிறது.

பழைய மெக்கானிக்:
"11 கிரவுண்டில் இருந்தால்" என்று இவரும் எழுதியிருக்கிறார். இன்னும் எத்தனை பேர் வந்து சொல்ல வேண்டும்?

சேமிப்புக்கிடங்கு:
இதெல்லாம் எதற்கு என்றே புரியவில்லை. டிரைவின் சீரியல் எண்ணை ஸ்டிக்கரில் எழுதி முன்பக்கம் ஒட்டுங்கள். எந்த டிரைவ் கெட்டது என்று லினக்ஸே சீரியல் எண்ணோடு சொல்லும். எங்கள் அலுவலகத்தில் அப்படித்தான்.

செம்புக்கம்பி:
கெட்டுப்போன பிறகு ஸ்டிக்கர் சொல்லும். கெட்டுக்கொண்டிருக்கும்போது விளக்கு சொல்லும். பல டிரைவ்களை ஒன்றாக இயக்கும் ரெய்டு தொகுப்பில் ஒன்றாக மினுக்க வேண்டிய விளக்குகளில் ஒன்று மட்டும் அணையாமல் நின்றால், அந்த டிரைவ் ஏதோ ஒரு செக்டாரை, அதாவது தன் சிறு சேமிப்புப் பகுதியை, திரும்பத் திரும்பப் படிக்க முயல்கிறது என்று பார்த்தவுடன் தெரியும். கணினியின் பதிவேட்டில் பிழை விழுவதற்கு முன்பே தெரியும்.

சேமிப்புக்கிடங்கு:
நெட்வொர்க் சேமிப்புப் பெட்டிகளுக்கென்றே விற்கும் டிரைவ்கள் சுமார் 7 விநாடியில் முயற்சியைக் கைவிட்டுப் பிழை சொல்லிவிடும். அந்த 7 விநாடியும் பெட்டியின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கப் போகிறீர்களா?

செம்புக்கம்பி:
மேசைக் கணினி டிரைவ்களில் அந்த வரம்பு கிடையாது, நீண்ட நேரம் போராடும். எல்லாரும் அலுவலகக் காசில் டிரைவ் வாங்குவதில்லை.

பழைய மெக்கானிக்:
சாட்டாவுக்கு முந்தைய ஐடிஇ கேபிள் காலத்திலிருந்து இந்த வேலையில் இருப்பவன் சொல்கிறேன், கேளுங்கள். அப்போது 39ஆவது பின் விளக்குக்கு. ஒரு கேபிளில் இரண்டு டிரைவ், இரண்டுக்கும் ஒரே 39. எது மினுக்குகிறது என்று யாரும் கேட்டதில்லை, யாரும் சாகவும் இல்லை. சர்வர்களில் இருந்த ஸ்கசி டிரைவ்களில் விளக்குக்கென்றே தனிப் பின்கள் வைத்திருந்தார்கள், அவை பணக்கார வீட்டுப் பிள்ளைகள். சாட்டாவின் முதல் விதிமுறையை எடுத்துப் பாருங்கள்: கேபிள் பக்க கனெக்டரில் 11ஐ எப்போதும் கிரவுண்டோடு இணைக்க வேண்டும். எப்போதும்! விதிமுறை எழுதியவர்களைவிடச் செம்புக்கம்பிக்கு அதிகம் தெரியும்போல.

ரெய்டு ரசிகன்:
அதே விதிமுறை டிரைவ் பக்கத்துப் பின் 11ஐ ஒதுக்கி வைத்திருந்தது. பின்னால் வந்த பதிப்பில் அதற்கு நான் சொன்ன இரண்டு வேலைகளையும் கொடுத்தார்கள். கேபிள் பக்கம், டிரைவ் பக்கம் என்று பிரித்துப் பேசினால்தான் இது முடியும்.

பழைய மெக்கானிக்:
கிரவுண்டுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் கிடையாது தம்பி.

கோவை வயர்மேன்:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எல்இடியை நேராக 11இல் மாட்டாதீர்கள். அந்தப் பின் எவ்வளவு கரண்ட் தாங்கும் என்பது டிரைவுக்கு டிரைவ் மாறும். பிசி557 டிரான்சிஸ்டர் ஒன்றை வைத்து, அதன் பேஸ் காலை 10 கிலோ ஓம் வழியாக 11க்குக் கொடுங்கள். எமிட்டர் காலுக்கு 5 வோல்ட் கொடுத்து விளக்கு அணையாமல் மங்கலாக எரிந்தால், ஆரஞ்சுக் கம்பியின் 3.3 வோல்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள். சிவப்பு எல்இடிக்கு அது போதும், நீலத்துக்குப் போதாது.

செம்புக்கம்பி:
நேராக மாட்டியே என் பெட்டியில் நன்றாக ஓடுகிறது. டிரான்சிஸ்டர் வீண் செலவு.

கோவை வயர்மேன்:
இரண்டு ரூபாய் வீண் செலவு! பல்லாயிரம் ரூபாய் டிரைவின் பின்னில் விளையாடுகிறவர் பேசும் பேச்சு.

சேமிப்புக்கிடங்கு:
ஸ்டிக்கர் அதைவிட மலிவு.

பழைய மெக்கானிக்:
இவர் பேச்சைக் கேட்டு அந்தப் புதிய தம்பி கனெக்டரை அறுத்து, அடாப்டர் ஒன்றை வாங்கி மாட்டி, அது உருகி வீடு பற்றி எரிந்தால் யார் பொறுப்பு?

செம்புக்கம்பி:
உருகுவது வார்ப்பில் செய்த மலிவு மோலக்ஸ் அடாப்டர்கள், பழைய நான்கு பின் பிளக்கைச் சாட்டாவாக மாற்றுபவை. உள்ளே கம்பிகள் ஒன்றையொன்று தொட்டுவிடும். கம்பியைக் கடித்துப் பிடிக்கும் வகையை வாங்கினால் அந்தத் தொல்லை இல்லை. ஐயாவின் சொந்த அனுபவம் என்றால் வருந்துகிறேன்.

பழைய மெக்கானிக்:
என் கடையில் எதுவும் உருகியதில்லை. தெர்மல் பேஸ்ட் விவாதத்திலும் இதே வாய்த்துடுக்கைப் பார்த்தேன். அன்றைக்கும் பெரியவர்கள் சொன்னால் கேட்பதில்லை என்றுதான் இருந்தீர்கள்.

செம்புக்கம்பி:
அந்த விவாதத்தில் நீங்கள் பாதியில் காணாமல் போனீர்கள். இழை இன்னும் அங்கேயே இருக்கிறது, யாரும் படிக்கலாம்.

பழைய மெக்கானிக்:
பேரன் காதணி விழாவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். உங்களிடம் விடுப்பு விண்ணப்பம் கொடுத்திருக்க வேண்டுமா?

ரெய்டு ரசிகன்:
கனெக்டரை அறுக்க விரும்பாதவர்களுக்கு ஹாட் ஸ்வாப் பேக்பிளேன் இருக்கிறது: கணினி ஓடும்போதே டிரைவைச் செருகிக் கழற்றும் பலகை. அதில் 11ஐ விளக்குக்கென்று தனியாகவே இழுத்திருப்பார்கள். ரெய்டு கார்டில் எஸ்ஜிபிஐஓ என்ற விளக்குச் சமிக்ஞை இணைப்பு இருந்தால், செயல்பாடு, இருப்பிடம் காட்டல், பழுது என்று டிரைவுக்கு மூன்று சமிக்ஞை நான்கே கம்பியில் கிடைக்கும். ஒன்று மட்டும் கவனம்: சர்வர்களுக்கான எஸ்ஏஎஸ் டிரைவ்களில் அதே 11 தலைகீழாக நடந்துகொள்ளும். சும்மா இருக்கும்போது எரியும், வேலை செய்யும்போது அணைந்து அணைந்து மினுக்கும்.

பழைய மெக்கானிக்:
சும்மா இருக்கும்போது எரியும்! நான் முதல் பதிலில் என்ன சொன்னேன்? எரிந்துகொண்டே இருக்கும் என்றேன். ஏனென்றால் அது கிரவுண்ட்.

ரெய்டு ரசிகன்:
ஐயா, அது வேறு காரணம்.

பழைய மெக்கானிக்:
எரிகிறதா இல்லையா?

செம்புக்கம்பி:
இன்று இரவு படம் போடுகிறேன். ஐந்து டிரைவ், ஐந்து விளக்கு, ஒன்றில் மட்டும் கோப்பு நகல் ஆகிறது. ஒரு விளக்கு மட்டும் எரிவதைக் கண்ணால் பாருங்கள்.

பழைய மெக்கானிக்:
படத்தில் விளக்கு தெரியும், பின் தெரியுமா? மல்டிமீட்டரையும் பக்கத்தில் வைத்து எடுங்கள்.

கோவை வயர்மேன்:
எடுக்கும்போது மின்தடை எத்தனை ஓம் என்பதும் தெரியட்டும். 330 என்று சொல்லிக்கொண்டு 100 வைத்திருப்பீர்கள் என்று எனக்குச் சந்தேகம்.

செம்புக்கம்பி:
வண்ண வளையங்களைப் படிக்கத் தெரிந்தவர்கள் படித்துக்கொள்ளலாம்.