4கே எடிட்டிங் கணினி: ரேமா, கிராபிக்ஸ் கார்டா?

வணக்கம் நண்பர்களே. 4கே வீடியோ எடிட்டிங்குக்காக ஒரு டெஸ்க்டாப் அசெம்பிள் பண்ணப் போகிறேன். பிராசசர் ரைசன் 7 9700எக்ஸ் என்று முடிவாகிவிட்டது. 8 கோர், 65 வாட். சூடும் அதிகம் இருக்காது.

குழப்பமெல்லாம் ரேமில்தான். இப்போதைக்கு இரண்டு 16 ஜிபி போட்டுவிட்டு, அப்புறம் இன்னும் இரண்டு சேர்க்கலாமா? இந்த பிராசசர் பொருந்தும் ஏஎம்5 வகை மதர்போர்டில் நான்கு ரேம் ஸ்லாட்டும் நிரம்பினால் டிடிஆர்5 ரேமின் வேகம் நன்றாகவே இறங்கிவிடும். அதனால் இப்போதே இரண்டு 32 ஜிபி வாங்குவதுதான் சரி என்று படுகிறது. ஆனால் அப்படிச் செய்தால் கிராபிக்ஸ் கார்டில் கை வைக்க வேண்டிவரும்: ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 16 ஜிபிக்குப் பதில் 8 ஜிபி.

டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் மென்பொருளில், வீடியோவில் தெரியும் புள்ளிகளைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டால் கார்டின் 8 ஜிபி மெமரி தாங்குமா? இதே வேலையில் இருப்பவர்கள் சொல்லுங்கள், எதை விட்டுக்கொடுக்கலாம்?